கவுஸ் பாயும் இரண்டு முழ வாசலும்

கவுஸ் பாய் இறந்த செய்தி எனக்கு இன்லண்ட் கடிதத்தில் வந்தது. அவருடைய மருமகன் எழுதியிருந்தார். சேலத்தில் என் கிளினிக்கில் கூட்டம் நெரிந்த நேரம். ஏதோ மருந்துக் கம்பெனிக் கடிதம் என்று நினைத்து, ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த இடைவெளியில் கிழித்தேன். "மாமா மௌத் ஆகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம் செய்தோம். கடைசிவரை உங்களைப் பற்றி நல்லபடியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று இருந்தது. 'நல்லபடியாகவே' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவர், "என்ன டாக்டர், கெட்ட சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டைப் பிரித்தேன்.

அந்த மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டு வருகிறீர்கள். அவரைப் பற்றி நான்தான் அதிகம் எழுத முடியும் என்றும் சொல்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற கட்டுரை இதுவாக இருக்காது.

கவுஸ் பாய் மாவுக்கட்டு அறைக்காரர். வாணியம்பாடியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். அப்பாவும் அண்ணன்மாரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். இவர் மட்டும் எப்படியோ எலும்புப் பக்கம் வந்துவிட்டார். "ஆட்டுத்தோல ஊற வைக்கிறதும் மாவுத்துணிய ஊற வைக்கிறதும் ஒண்ணுதான் சாப். முந்தியும் எடுக்கக் கூடாது, பிந்தியும் எடுக்கக் கூடாது" என்பார். தண்ணீரில் போட்ட மாவுச்சுருளிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை யார் அவசரப்படுத்தினாலும் அதை வெளியே எடுக்கமாட்டார். ஒருமுறை நான் கத்தியே விட்டேன். "நீங்க திட்டினா குமுளி நிக்காது சாப்" என்றார், குனிந்த தலை நிமிராமல். நர்சுகள் சிரித்துவிட்டார்கள். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும்; சென்னையில் படித்துவிட்டு வந்தவன் என்ற மிதப்பு வேறு.

அங்கே நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, புளி ஏற்றி வந்த லாரியில் பெரியவர் வெள்ளையனைக் கொண்டு வந்தார்கள். மலைமேல் நெல்லிவாசல் நாட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். புளியமரத்தடியில் பழம் பொறுக்கும்போது வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. கூட அவர் மனைவி குப்பாயி அம்மாள். பிள்ளைகள் இல்லை. அந்த வயதில் அந்த இடத்து முறிவு சேராது என்பது உங்களுக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தே புண் வந்தோ சளி கட்டியோ போய்ச் சேருவார்கள். அதனால் உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு எஃகுப் பந்து ஒன்றை வைப்பது. இடுப்புக் கிண்ணத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. பாதி மாற்று. அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. நான் செய்தேன்.

நன்றாகவே அமைந்தது. பத்தாம் நாள் பெரியவர் வாக்கரைப் பிடித்து நின்றார். சாமை அறுப்புக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவர் துடித்தார். என் முதல் கேஸ் தன் காலால் நடந்து வாசலைத் தாண்ட வேண்டும் என்று நானும் துடித்தேன். மூன்று மாதத்துக்குக் குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று குப்பாயி அம்மாளிடம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். அந்தம்மாள் ஒவ்வொன்றையும் என் பின்னால் திருப்பிச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை கவுஸ் பாய் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சாப், ஒரு வார்த்த. அனுப்பறதுக்கு முன்னால வூடு எப்டின்னு கேட்டுக்குங்க. மலைமேல வூடு நம்ம வூடு மாதிரி இருக்காது."

"எல்லாம் சொல்லியாச்சு பாய்."

"குந்தறத சொன்னீங்க. குனிஞ்சி உள்ள பூந்து போறத சொல்லலியே. பந்து புதுசு, கிண்ணம் பழசு. தொடை நெஞ்சுகிட்ட வந்துச்சுன்னா பின்னால நழுவிடும்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க."

"நீங்க மாவு வேலையைப் பாருங்க பாய். ஆபரேஷனை நான் பார்த்துக்கறேன்."

இதை நான் சொன்னது அவருக்கு மட்டும் கேட்கும்படி அல்ல. வராந்தாவில் இரண்டு நர்சுகளும் ஒரு வார்டு பையனும் நின்றிருந்தார்கள். அவர் "சரிங்க சாப்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காது கேட்காமலோ விஷயம் புரியாமலோ நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஒரு மாவுக்கட்டுக்காரர் எனக்குச் சொல்வதா என்று இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பிய ஆறாம் நாள் பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் உள்பக்கம் திரும்பி, குட்டையாகிக் கிடந்தது. தொட்டதும் அலறினார். பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்து ஐந்து நாளாகியிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. வார்டு முழுக்கக் கேட்க, குப்பாயி அம்மாளைப் பார்த்துக் கத்தினேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. கேட்டிருந்தா இப்படி ஆகுமா? நல்லா இருந்த காலை நீங்களே கெடுத்துட்டீங்க."

அந்தம்மாள் என் காலைத் தொட வந்தார். "எங்க தப்புதாங்க சாமி. எங்க தப்புதான். நீங்க நல்லாதான் வச்சீங்க."

மயக்கம் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். உள்ளே போகும், மறுநாளே வெளியே வரும். மூன்றாவது முறை திறந்து வைத்தேன். சீழ் பிடித்தது. கடைசியில் பந்தையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. பெரியவர் உயிரோடு வீடு திரும்பினார். ஆனால் ஒரு கால் மூன்று விரற்கடை குட்டை. ஒரு சாமைக் கொல்லையிலிருந்து மறு கொல்லைக்குக்கூட ஏற முடியாத நடை. கேஸ் ஷீட்டில், 'நோயாளி அறிவுரைகளைப் பின்பற்றவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அவர்களைக் கொண்டுபோய் விடுவதற்குக் கவுஸ் பாய் இரண்டு நாள் லீவு எடுத்தார். ஜீப்பில் பாதி, நடை பாதி. திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"வாசல் ரெண்டு முழந்தான் சாப். கூர அதுக்கும் கீழ எறங்குது. நானே குந்திக்கினே தவழ்ந்துதான் உள்ள போனேன். அவங்க நீங்க சொன்ன எல்லாத்தயும் பண்ணிக்கிறாங்க. உள்ள மூங்கில்ல ஒசரமா கட்டில் கட்டிக்கிறாங்க. பின்னாடி வெளிக்கு ஒக்காந்து போறதுக்குப் பலக அடிச்சு வச்சிக்கிறாங்க. தூக்கிக்கினு வந்தவங்க வாசல்ல எறக்கி வுட்டதும், நம்ம வூட்டுக்கு நாமளே நடந்து போவலாம்னு குனிஞ்சிருக்காரு. வாசல்லயே 'டக்'குனு சத்தம் கேட்டுதாம். அந்தக் கட்டில்ல அவரு ஒரு நாள்கூட நல்ல காலோட படுக்கல சாப்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, அடுத்த தடவை கவனிப்போம்" என்றேன்.

அடுத்த தடவை அவர்தான் கவனித்தார். மலையிலிருந்து யார் வந்தாலும், "ஒங்க வூட்டு வாசல் எத்தினி ஒசரம், கைய வச்சிக் காட்டுங்க" என்று கேட்பார். அந்த உயரத்துக்கு மாவு அறையில் இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே கட்டுத்துணியை இழுத்துக் கட்டுவார். உறவுக்காரர்களை அதன் கீழே நுழையச் சொல்லி, தொடை எங்கே போகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்வார். "மூணு மாசத்துக்கு வெளிய பந்தல் போட்டுப் படுக்க வைங்க. பந்தலப் போட்டுட்டு வந்து சொல்லுங்க, அப்புறந்தான் அனுப்புவோம்." அவர்கள் மலையேறிப் போய்ப் பந்தல் போட்டுவிட்டு வந்து சொல்வார்கள். அதன் பிறகு எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் நழுவவில்லை. வேலூரில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, 'மலைவாழ் மக்களுக்கு ஏற்ற உங்கள் ஏற்பாடு பிரமாதம்' என்றார்கள். நான் நன்றி சொன்னேன். கவுஸ் பாயின் பெயர் அன்று என் வாயில் வரவில்லை. திரும்பி வந்ததும் அவரே, "கூட்டம் நல்லா நடந்துச்சா சாப்?" என்று விசாரித்தார்.

நான் சேலத்துக்குக் கிளம்பும் நாளில் மாவு அறைக்குப் போனேன். பெரியவர் வெள்ளையன் அதற்கு முந்தைய தை மாதத்தில் காலமாகிவிட்டிருந்தார். கவுஸ் பாய் பழைய கட்டுகளை வெட்டும் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாய், அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். மன்னிச்சுடுங்க" என்றேன். கத்திரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சாப் சொல்றீங்க? எனக்கு இன்னா ஆச்சு? மேல அந்தம்மா இருக்குது. தான்தான் புருசன் கால கெடுத்துட்டோம்னு நெனச்சிக்கினு இருக்குது. நான் சொன்னா நம்பல. 'டாக்டரே சொன்னாரே'ன்னுது. நீங்க ஒரு தபா போய், அத மட்டும் அதுகிட்டேர்ந்து எடுத்துட்டு வந்துடுங்க."

போகிறேன் என்றேன். உண்மையாகவே போக நினைத்தேன். முதல் வருஷம் கிளினிக் வேலை. இரண்டாம் வருஷம் வீடு கட்டினேன். அப்புறம் காரணம்கூடத் தேடவில்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் கவுஸ் பாயிடமிருந்து வரும். யாரையோ படிக்க வைத்தது, யாருக்கோ கல்யாணம், எல்லாம் இருக்கும். இதை மட்டும் அவர் மறுபடி கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது போயிருப்பேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் சடங்குக்கு வாணியம்பாடி போனேன். வீட்டுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில், மலையிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள். ஓரத்தில் குப்பாயி அம்மாள். உடம்பு பாதியாகியிருந்தது. என்னை உடனே கண்டுகொண்டு எழுந்து நின்றார்.

"சொகமா இருக்கீங்களா சாமி? பாயி போயிட்டாருங்களே. நல்ல மனுசன். எங்க மேல தப்ப வச்சிக்கினு ஒங்க பேரக் கெடுத்தோம், அதுக்கும் ஒரு வார்த்த கோவமா சொல்லாம வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போவாரு."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் என்னை டாக்டர் டாக்டர் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "ஆச்சுங்க சாமி" என்றார். மருமகன் வந்து என் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப்போனார். நான் வெளியே வருவதற்குள் அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

கவுஸ் பாயிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று இந்த மலரில் எழுத வேண்டுமாம். ஒரு வேலை இருக்கிறது. அவர் கொடுத்தது, நான் செய்யாதது. இதுவரை அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் போய்விட்டார். அதனால்தான் உங்களிடம் சொல்லி வைத்தேன், இனி நீங்களாவது என்னைக் கேட்பீர்கள் என்று. ஆனால் குப்பாயி அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை எழுதிவிட்டதால் அவரிடம் சொல்லிவிட்டதாக ஆகாது.