கனிசியஸ் நஞ்செடுத்த கோப்பி

குருநகர்க் கரையில் ஒரு கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, ஆட்கள் குந்த நாலு வாங்கு போட்ட தேத்தண்ணிக்கடைக்கு முதலாளியானவன் கனிசியஸ். பள்ளிக்கூடத்தை இரண்டு வருசம்தான் கண்டவன். ஒருத்தனிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட மனிசனையே 1936ஆம் ஆண்டு ஒரு கோப்பிக் கோப்பை நடுங்க வைத்தது.

மனைவி கத்தரீனாவுக்கு நெஞ்சுப் படபடப்பு. நாடி பார்த்த டொக்டர் கனிசியசைத் தனியே கூப்பிட்டார்.

“கோப்பியிலை கபேன் எண்டொரு சாமான் இருக்கு. உம்மடை மனிசியின்ரை நெஞ்சுக்கு அது நஞ்சு. சீமையிலை அதை எடுத்துப்போட்டு விக்கிறாங்கள். இஞ்சை கிடையாது. நிப்பாட்டும், இல்லாட்டி ஆள் தப்பாது.”

கத்தரீனாவா நிற்பாட்டுவாள்? மூன்றாம் நாளே ஒளித்துக் குடித்துவிட்டு, அடுப்படியில் மூச்சிழுக்கச் சுருண்டு கிடந்தாள். கனிசியஸ் அவளைத் தூக்கிப் பாயில் கிடத்தினான்.

“சீமைக்காரனுக்கு ஏலுமெண்டால் எனக்கேன் ஏலாது?” என்று எழும்பினான். வறுக்காத கொட்டையைக் கொதிநீரில் ஊறவைத்து வடித்தான். ஏழு தரம். பிறகு காயவைத்து, வறுத்து, இடித்து, வீட்டு மறியாட்டின் பாலை விட்டுக் கொடுத்தான்.

“வைக்கல் அவிச்ச தண்ணி,” என்று முகத்தைச் சுழித்தாள். என்றாலும் குடித்தாள். அவன் அவள் மணிக்கட்டை விடவில்லை. இரண்டு நாள் நாடி ஒழுங்காய் ஓடியது. எந்தப் படித்தவன் செய்தான் இதை?

மூன்றாம் நாள் மறுபடியும் நெஞ்சு அடித்தது, முன்னையிலும் மோசமாய். எங்கே பிழை வந்தது? ஏழு தரம் போதாதோ?

“அண்ணை!” பக்கத்து வீட்டுப் பேதுரு வேலிக்கு மேலால் கத்தினான். “உங்கடை ஆட்டுக்குப் பேய் பிடிச்சிட்டுது!”

ஆடு நடுங்கி நடுங்கித் துள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்தில் கழுநீர்ப்பானை. அதற்குள் மஞ்சளாய் அவன் வடித்த தண்ணீர்.

“ஆர் இதை ஆட்டுக்கு வைச்சது?”

“நான்தான்,” என்றாள் கத்தரீனா உள்ளேயிருந்து. “அரிசி கழுவின தண்ணியையே வெளியிலை ஊத்தாத வீடு, உந்தத் தண்ணியை ஊத்துவனோ?”

எடுத்த நஞ்செல்லாம் பாலாய் அவள் வயிற்றுக்கே போயிருக்கிறதென்று அவனுக்குப் பட்டது. பின்னேரக் கோயில் மணி அடிக்கும்வரை அவள் நாடியைப் பிடித்தபடியே இருந்தான். மெல்ல மெல்ல அடிப்பு இறங்கியது.

விடிந்ததும் கழுநீரைக் கடலில் கவிழ்த்துவிட்டு, ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி பால் விடாத கோப்பியை நீட்டினான்.

“இஞ்சாருங்கோ, கையை விடுங்கோவன். ஒருகையாலை எப்பிடிக் குடிக்கிறது?”

“குடி,” என்றான் கனிசியஸ். விடவில்லை.