வள்ளத்தில் இரண்டு தட்டு

நேற்றுப் பின்னேரம் மெல்பேர்ன் கடலில் மீன்பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐஸ் பெட்டிக்குள் இரண்டு ஸ்னாப்பர் மீன். கரையை நெருங்கியதும் என் கணவர் இரை வாளியைக் கவிழ்த்து, படகின் விளிம்பில் இரண்டு தரம் தட்டினார். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

மன்னாரில் அப்பா கடலால் திரும்பும்போது, கரைக்குக் கிட்ட வந்ததும் துடுப்பால் வள்ளத்தில் இப்படித்தான் இரண்டு தரம் தட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பா. மண்ணெண்ணெயும் கருவாடும் மணக்கிற குசினி அது.

ஒருநாள் அப்பா வரவில்லை. நாலாம் நாள் பொழுதுபடுகிற நேரம், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தில் நான் தடியால் இரண்டு தரம் தட்டினேன். எனக்கு எட்டு வயது. தட்டினால் வருவார் என்று நினைத்தேனோ என்னவோ. அம்மாதான் ஓடிவந்தா. நான் வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. அதுவரை அவ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. பிறகு ஈரச் சீலையோடு குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தா.

நேற்று படகுத்துறையில் கதிரை போட்டுக் காத்திருந்த அம்மா எழும்பி நின்றா.

"தட்டினது கேட்டுது பிள்ளை. அண்டைக்கும் அப்பா இப்பிடித்தான் தட்டினவர். நான்தான் பிந்திப் போனன்."

நாற்பது வருடமாக இதைத்தான் சொல்கிறா. நானும் வழக்கம்போல, "ஓம் அம்மா" என்றேன்.