பாவுக்கு அடியில் ஒரு கார்

கொட்டகையின் கேட்டைத் திறந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காருக்குள் இருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்பால், தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, இடுப்பு உயரத்தில், மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப் பாவு, தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகளின் விரிப்பு, இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குள் போளூர் ரோட்டு மைதானத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாகன ஆய்வாளர் வாரத்தில் ஒரு நாள்தான் ஆரணிக்கு வருவார். பழைய காரின் பதிவைப் புதுப்பிக்க எங்களுக்குக் கொடுத்திருந்த கெடு அன்றோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து. பதிவில்லாத வண்டியை யாரும் ரோட்டில் ஓட்ட முடியாது. இரண்டு வருடம் நாங்கள் செய்த வேலை காயலான் கடைக்குத்தான் போகும்.

முந்தின இரவு நான் எழுதிய பட்டியல் சட்டைப் பையில் இருந்தது. பிரேக் ஆயில், டயர் காற்று, ஹாரன், நான்கு விளக்குகள், பதிவுப் புத்தகம், இன்ஷூரன்ஸ், சேஸிஸ் எண்ணைத் துடைக்கப் பழைய துணி. பதினேழு வரிகள். பாவு நீட்டும் நேரம் அதில் இல்லை. அந்தத் தெருவில் எப்போதும் எட்டரைக்குள் பாவைச் சுருட்டிவிடுவார்கள். முதல் நாள் மாலையிலிருந்து விடியும்வரை தூறல் இருந்ததால், அன்று ஒன்பது மணிக்குத்தான் நீட்டியிருக்கிறார்கள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அந்தக் கார் எங்களுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் கப்பலில் வந்த ஜப்பான் கார் அது. இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு. ஒரு பட்டு வியாபாரி ஆசைக்கு வாங்கி, ஓட்டி, ஒரு நாள் நிறுத்தினார். அதன்பிறகு சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அது பல வருடம் கிடந்தது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் விசைத்தறி மெக்கானிக். அவன் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு இந்தக் காரை வாங்கினான். அதன் பிறகு மூன்று மாதம் அம்மா அவனோடு பேசவில்லை. என்னோடு பேசினாள், திட்டுவதற்கு.

கொட்டகை சாயக்காரருடையது. காரை அங்கேயே வைத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டேன். இரும்பு ஒரு தட்டில், அலுமினியம் ஒரு தட்டில், ரப்பர் ஒரு தட்டில். இரும்பில் ஏறியிருந்த கிரீஸ் எதற்கும் அசையவில்லை. சாயக்காரர்தான் வழி சொன்னார்: "பட்டு வேக வைக்கிற சோப்பும் சோடாவும் இருக்குதே பாப்பா, அதுல போடு. பட்டுல இருக்கிற பசையையே எடுக்குது, இந்தக் கிரீஸ் எம்மாத்திரம்?" போட்டோம். அரை மணியில் இரும்பு பளபளவென்று வந்தது. நான் அவரைப் பாராட்டிவிட்டு, மிச்சத் தட்டுகளை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு வேலைக்கு பஸ் ஏறினேன்.

சாயந்திரம் வந்தபோது அலுமினியத் தட்டு காலியாக இருந்தது.

"எங்க, இதுல இருந்தது?"

"அதையும் போட்டுட்டேன் பாப்பா. ஒரு பாவுக்குண்டான நூலைப் பாதி இன்னிக்கி, பாதி நாளைக்கின்னு வேக வைப்பாங்களா? அப்புறம் ஒண்ணு ஒரு நெறம், ஒண்ணு ஒரு நெறமா நிக்கும்."

அவர் தொழிலில் அது சரி. கொதிக்கும் சோடா அலுமினியத்தை அரிக்கும் என்பது என் தொழில். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். தட்டில் ஒட்டிய சீட்டில் எண் எழுதியிருந்தேனே தவிர, 'வேக வைக்காதே' என்று எழுதவில்லை. அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர்கள். தொழிற்சாலையில் அளந்து பார்க்க ஒன்றைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்ததால் அது தப்பித்தது. மற்றது அண்டாவிலிருந்து கறுத்து, அம்மைத் தழும்புபோல் பொரிந்து வெளியே வந்தது. வேறொன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சென்னைப் பழைய பாகக் கடைகளில் அந்தக் காரின் பேரைச் சொன்னாலே சிரித்தார்கள்.

அண்ணன் அதைக் கடைசலில் கொடுத்து, பெட்ரோலை நிறுத்தும் ஊசி உட்காரும் இடத்தில் பித்தளை வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்தினான். என்ஜின் ஓடியது. ஆனால் ஒரு குறை நின்றுவிட்டது. சூடாக இருக்கும்போது என்ஜினை நிறுத்தினால், பெட்ரோல் அந்த ஊசியைத் தாண்டிக் கசிந்து உள்ளே நிரம்பிவிடும். கொஞ்சம் கீழேயும் சொட்டும். அதன்பிறகு இருபது நிமிடம் ஆறவிடாமல் வண்டி கிளம்பாது. இரண்டு வாரமாக இதோடுதான் போராடிக்கொண்டிருந்தோம். அதனால்தான் அன்று காலை எங்கள் திட்டம் எளிமையாக இருந்தது: கொட்டகையில் கிளப்பினால் மைதானம்வரை நிறுத்தவே கூடாது.

இப்போது எதிரே பாவு.

பாவின் சொந்தக்காரம்மா கையில் கஞ்சித் துணியோடு அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என்ஜின் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். உறவு எதுவும் இல்லை.

"ஏய், இன்னாடா இது, பொகைய வுட்டுகினு! கஞ்சி ஈரமா இருக்குதுடா, கரி ஒட்டிக்கும். ஆஃப் பண்ணு மொதல்ல!"

"பெரியம்மா, பதினொரு மணிக்குப் போவணும். கொஞ்சம் சுருட்டிக்கிறீங்களா?" என்றான் அண்ணன்.

"ஈரப் பாவச் சுருட்டுனா இழைக்கு இழை ஒட்டிகினு நாசமாப் பூடும். கல்யாணப் பொடவைடா. பொண்ணு வூட்ல தெனம் ஆள் அனுப்பிகினு கீறாங்க. உன் வண்டிக்கு ஒரு நாள் தள்ளிப் போனா இன்னா?"

"தள்ளிப் போனா வண்டியே போச்சு பெரியம்மா" என்றேன் ஜன்னல் வழியாக. என் குரல் அமைதியாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

தெருவின் எங்கள் பக்கம் கால்வாயும் மின்கம்பங்களும். அந்தப் பக்கம் கார் போகும் அளவுக்கு இடம் இருந்தது. பாவைக் குறுக்காகக் கடந்தால் போதும். ஆனால் எப்படி? எதிர்வீட்டுக்காரர் பீடியைப் புகைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"மேல ஏத்தி ஓட்டேன்" என்றார் அண்ணனைப் பார்த்து. "அதான் ஜப்பான் வண்டியாச்சே, பறக்காது?"

"வாய மூடிகினு பீடிய அணைங்க மாமா, பெட்ரோல் வண்டி" என்றான் அண்ணன்.

பெரியம்மா காரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து, கூரையின் உயரத்தைத் தன் மார்போடு ஒப்பிட்டார். "இது இன்னா, தவழுற புள்ள மாதிரி கீது" என்றார். பிறகு ஒரு நிமிடம் யோசித்தார். "நாலு பேரு கம்பு வெச்சி நடுவுல மட்டும் ரெண்டடி தூக்குனா, அடியில பூந்துடும். ஆனா எஞ்சின் ஓடக் கூடாது. ஒரு சொட்டு பெட்ரோல் விழக் கூடாது. ரெண்டுல ஒண்ணு ஆனாலும் நான் தூக்க மாட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நிறுத்தினால் சொட்டும். சொட்டினால் தூக்க மாட்டார். நிறுத்தினால் இருபது நிமிடம் கிளம்பாது.

"நிறுத்துனா சொட்டும் பெரியம்மா" என்றான்.

"ஏன் சொட்டுது?" என்றார் பெரியம்மா.

"குழாய் வழியா பெட்ரோல் வந்துகினே இருக்கும் பெரியம்மா. உள்ள இருக்கிற ஊசி சரியா மூடல" என்றான் அண்ணன்.

"வர வழியக் கட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டர்களுக்கு வரும் ரப்பர் குழாயைக் காட்டினேன். அவர் பாவுக்கு வைத்திருந்த மூங்கில் சிம்பு இரண்டை எடுத்து, குழாயை நடுவில் வைத்து, இடுப்பில் செருகியிருந்த கழிவுப் பட்டு நூலால் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கண் இமைக்கிற நேரம். "இந்த நுனியப் புடிச்சி இழுத்தா அவுந்துக்கும். கத்தி வெக்காத."

என்ஜின் இன்னும் ஓடியது. ஒரு நிமிடம். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து, இரண்டு தரம் இருமி, தானாக நின்றது. நான் அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தள்ளி வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதம் காய்ந்தே இருந்தது.

நான்கு பேர் வந்தார்கள். பெரியம்மா, அவர் மருமகள், சாயக்காரர், பீடியை அணைத்துவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர். கம்புகளைப் பாவின் அடியில் குறுக்காகக் கொடுத்து, பெரியம்மா "ம்" என்றதும் ஒன்றாக உயர்த்தினார்கள். மஞ்சள் இழைகள் நடுவில் மெல்ல எழுந்தன. அண்ணன் பின்னாலிருந்து தள்ளினான்; நான் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தள்ளினேன். நீண்ட மூக்கு உள்ளே போனது. கண்ணாடி போனது. கூரைக்கும் பட்டுக்கும் நடுவில் ஒரு கைகூட இருக்காது.

"மெதுவாடா! ஆன்டனா கீதாடா அதுல?"

"கழட்டிட்டேன் பெரியம்மா" என்றேன். அது பட்டியலில் இருந்தது.

சாயக்காரரின் கம்பு சரிந்தது. அவர் பக்கம் பாவு ஒரு விரல் அளவு இறங்கியது. மருமகள் தன் கம்பைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு கையை நீட்டி அவர் கம்பையும் தூக்கினாள். பின்கண்ணாடி வெளியே வந்தது. டிக்கி வந்தது. பாவை இறக்கினார்கள். பெரியம்மா எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து இழைகளை விரலால் வருடிக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் அறுவல. கடைசி வரைக்கும் தள்ளிகினு போயி ஸ்டார்ட் பண்ணுங்க. ஜல்தி."

தெருக்கோடியில் நின்றோம். மணி பத்து. வழக்கமாக ஆறுவதற்கு இருபது நிமிடம் வேண்டும்; என்ஜின் நின்று கால் மணிகூட ஆகவில்லை. நான் முடிச்சின் நுனியை இழுத்தேன். அவிழ்ந்தது. பத்து எண்ணும்வரை பொறுத்து, சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே கிளம்பியது.

அண்ணன் காரின் கூரையைத் தட்டினான். "ஏய், ரெண்டு வாரமா பேஜார் புடிச்ச வண்டிடீ இது. குழாய அமுக்கிகினு நிறுத்தியிருந்தா உள்ள பெட்ரோல் நெறஞ்சே இருக்காது. நமக்கு ஏன் தோணல?"

உள்ளே ஊசியைச் சரிசெய்வதையே நோட்டில் ஆறு விதமாக எழுதியிருந்தேன். வெளியிலிருந்து பெட்ரோல் வரும் வழியை மூடுவதை ஒரு தரமும் எழுதவில்லை.

மைதானத்தில் முன்னால் இரண்டு லாரிகள். பத்து ஐம்பத்திரண்டுக்கு எங்கள் முறை வந்தது. ஆய்வாளர் விளக்குகளைப் பார்த்தார். ஹாரனைக் கேட்டார். சேஸிஸ் எண்ணைப் படித்து எழுதினார். ஓட்டச் சொன்னார், பிரேக் பிடிக்கச் சொன்னார். கார் நேராக நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

"சார், பானெட்டைத் திறக்கணும்."

"ஏன்?"

மறைக்க முடியாது, மறைத்தால் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். "கார்புரேட்டர்ல ஒரு குறை இருக்குதுங்க. பெட்ரோலை நிறுத்திட்டுத்தான் என்ஜினை நிறுத்தணும்."

சிம்புகளை வைத்து, நானே நூலைச் சுற்றினேன். சின்ன வயதில் அறுந்த இழைகளை முடிந்து பழகிய கை. பெரியம்மாவுடையது போல வேகம் இல்லை, ஆனால் நின்றது. என்ஜின் ஒரு நிமிடம் ஓடி இருமி நின்றது. ஆய்வாளர் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மூங்கிலைப் பார்த்தார்.

"இது இன்னா?"

"பெட்ரோலை மூடுற டேப் சார்" என்றான் அண்ணன்.

அவர் சிரிக்கவில்லை. நுனியை இழுத்தேன். பத்து எண்ணினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவதில் பிடித்தது.

"நூலோட ரோட்டுல வுட மாட்டேன்" என்றார். "நெஜமான டேப்பு போட்டுகினு, சாயந்திரம் அஞ்சுக்குள்ள ஆபீஸ்ல வந்து காட்டு. அப்பதான் கையெழுத்து."

சாயக்காரரின் பழைய ஸ்டவ்வில் ஒரு பித்தளை டேப் இருந்தது. அண்ணன் அதைக் கழற்றி, இரண்டு முனையிலும் கடைசல் பிடித்துக் குழாயில் பொருத்தினான். சாயக்காரர் பக்கத்திலேயே நின்று, "அன்னிக்கி நான் வேக வெச்சதுக்கு இது சரியாப் போச்சு பாப்பா" என்றார். நான்கு நாற்பதுக்கு ஆய்வாளர் டேப்பை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது அந்தத் தெருவில் பாவு இல்லை. பெரியம்மா வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது. நான் டேப்பை மூடி, என்ஜின் தானாக நிற்கும்வரை அவர் வாசலில் காத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய் மூங்கில் சிம்பு இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

"பெட்ரோல் நாறுது, நீயே வெச்சிக்கோ" என்றார், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.