ராஜாங்கம் போட்ட முடிச்சு

ராஜாங்கம் யாரையும் முகத்தைப் பார்த்து எடைபோட மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார். புதுச்சேரியில் மில் ஓடிய காலத்தில் கேட் வாட்ச்மேனாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வரிசையாக வரும் ஆட்களைத் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவது அவர் வேலை. வயிற்றில் துணி சுற்றியவன் குனிய மாட்டான், கையை வீசி நடக்க மாட்டான், தேவையில்லாமல் சிரிப்பான் என்பார். தன் கேட்டைத் தாண்டி ஒரு முழத் துணி போனதில்லை என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. மில்லே ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டதே, அதை எப்படிப் பிடிக்காமல் விட்டீர்கள் என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க என் மேசைக்குத் தண்ணீர் வரவில்லை.

ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்த புதிதில், பன்னாட்டு விவகாரப் பள்ளி என்று ஒரு பிரிவைக் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். ராஜாங்கம் தினக்கூலி அட்டெண்டர், வாசல் காவலும் அவரே. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், அதற்கப்புறம் கொஞ்ச காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மனைவி கன்னியம்மாள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போக, இவர் முதலியார்பேட்டை வீட்டில் அரிசி களைந்துகொண்டு இருந்திருக்கிறார். தெருவில் போகிறவன் எல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றுமாம். “இன்னொரு தடவ ஊட்ல குந்த வச்சாங்கன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், டைப்பிஸ்ட்டம்மா” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியின் பெருமையே பொதுக்கூட்டங்கள்தான். மாதத்துக்கு ஒன்றாவது நடக்கும். எங்கிருந்தாவது ஒரு பேராசிரியரோ, ஓய்வுபெற்ற தூதரோ வருவார். உலக சமாதானம், எண்ணெய் விலை, இந்தியப் பெருங்கடல் என்று எதையாவது பேசுவார். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் என்ற அந்த வார்த்தைகள்தான் ராஜாங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தன. யார் வேண்டுமானாலும் வரக்கூடிய இடத்துக்கு வாட்ச்மேன் எதற்கு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே எல்லோரையும் சந்தேகப்பட்டார். குறிப்பெடுக்காமல் கேட்கிறவன் சி.ஐ.டி. குறிப்பெடுப்பவன் அதைவிடப் பெரிய சி.ஐ.டி. டெல்லியிலிருந்து வந்த பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் குனியாமல் விறைப்பாக நடந்தார். ராஜாங்கம் பின்னாலேயே போய், தெரியாமல் இடிப்பதுபோல இடித்துப் பார்த்துவிட்டார். அது குடலிறக்கத்துக்குக் கட்டிய பெல்ட். இயக்குநர் ராமலிங்கம் அன்று பட்ட வெட்கத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சலவைக்குத் துணி எடுக்க வரும் காத்தவராயனைக்கூட ராஜாங்கம் விடமாட்டார். உள்ளே வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, சைக்கிள் கேரியர் வரைக்கும் சோதனை.

கூட்டம் நடக்கும் மேசையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பேச்சாளர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டின் குட்டிக் கொடி, குச்சியில் மாட்டி, ஒரு மரக்கட்டையில் செருகி நிற்கும். தூதரகங்களுக்கு எழுதி, காத்திருந்து வாங்கிய கொடிகள் அவை. கூட்டம் முடிந்ததும் இயக்குநரும் விருந்தாளியும் அந்தக் கொடியைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் காப்பிக்குப் பக்கத்து அறைக்குப் போவார்கள். ராஜாங்கம் மேசையை ஒழிப்பார்.

அந்தக் கொடிகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஜப்பான். அதற்கடுத்து எகிப்து. யூகோஸ்லாவியாவும் போனபோது இயக்குநர் ராஜாங்கத்தைக் கூப்பிட்டார்.

“நீங்கதான வாசல்ல நிக்கிறீங்க. இன்னொண்ணு போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வேற எடம் பாத்துக்குங்க.”

ராஜாங்கம் வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு முழத் துணி விடாதவர், அரை முழங்கூட வராத துணியைக் கோட்டை விட்டுவிட்டார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

எனக்கும் தெரியும், அவர் யாரைச் சொல்லப் போகிறார் என்று. அஞ்சலாட்சி என்று ஒரு அம்மாள் கூட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, மெல்லிய வாயல் புடவை, தோளில் ஒரு ரெக்சின் பை. மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். பேச்சு முழுக்க ஆங்கிலம். அது அந்த அம்மாளுக்குப் புரியவில்லை என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் கடைசிவரை இருப்பார். பையை மடியிலிருந்து கீழே வைக்க மாட்டார்.

“புரியாத பேச்சுக்கு ஒருத்தி என்னாத்துக்கு வரா? காப்பி குடுத்தா மெர்சிங்கிறா” என்றார் ராஜாங்கம்.

“இந்த ஊர்ல பாதிப் பேரு நன்றிக்கு மெர்சின்னுதான் சொல்றாங்க, அண்ணே.”

“சரி. அது கெடக்கட்டும். ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வந்து, அடுத்தது எந்த நாட்டுக்காரரு வராருன்னு கேக்குறா. ஜப்பான்னா என்னா, எகிப்துன்னா என்னா அவளுக்கு? எந்தக் கொடின்னு தெரிஞ்சிக்கத்தான கேக்குறா?”

அந்த அம்மாள் என்னிடமும் கேட்டிருக்கிறார். நாட்டின் பெயரைச் சொன்னதும் முகம் சுருங்கி, சரிம்மா என்று போய்விடுவார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் வந்துவிட்டது. ராஜாங்கத்தோடு ஒரே அறையில் வேலை பார்த்தால் யாருக்கும் வரும்.

எண்பத்தேழில், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், வியட்நாமிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் வருவதாக வாசலில் எழுதிப் போட்டோம். எழுதிய அன்றைக்கே அஞ்சலாட்சி வந்து பார்த்துவிட்டார். ராஜாங்கம் சாட்சி சொல்கிற மாதிரி என்னிடம் வந்து சொன்னார். “போர்டப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. நடிப்பு பாரு.”

கூட்டத்தன்று அந்த அம்மாள் முதல் ஆளாக வந்தார். புதுப் புடவை, தலையில் கனகாம்பரம். வழக்கமான கடைசி வரிசையை விட்டு முன் வரிசைக்குப் போய், மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ராஜாங்கம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புக் கொடி, நடுவில் மஞ்சள் நட்சத்திரம், மேசையில் நின்றுகொண்டிருந்தது.

பேராசிரியர் ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிப் பேசினார். நடுநடுவே பிரெஞ்சு வார்த்தைகள் விழுந்தன. அவை விழும்போதெல்லாம் அஞ்சலாட்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடு எதையோ மனப்பாடம் செய்வதுபோல அசைந்துகொண்டே இருந்தது. பொன்னாடை, மாலை, நன்றியுரை, போட்டோ எல்லாம் முடிந்தன. பேராசிரியருக்கு அன்று மாலையே மெட்ராஸ் போயாக வேண்டும், காப்பிக்கு நேரமில்லை என்று இயக்குநர் அவரை முன்வாசல் வழியாகக் காருக்கு அழைத்துப் போனார். ராஜாங்கம் மேசைப் பக்கம் ஓடினார். கட்டை இருந்தது. கொடி இல்லை.

திரும்பிப் பார்த்தால், அஞ்சலாட்சி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வேகமாகப் போகிறார்.

மில் கேட்டில் நிற்பதுபோலக் கையை நீட்டிக் குறுக்கே நின்றார் ராஜாங்கம்.

“பையத் தொற.”

“வுடுங்க, அப்பறம் தொறக்குறேன். அவரு போயிடுவாரு.”

“யாரு போயிடுவாரு? ஒங் கூட்டாளியா? தொறந்துட்டு அப்பால போ.”

“ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுறேன். வேணும்னா பைய நீங்களே வச்சிக்குங்க” என்று பையைத் திறந்து எதையோ வெளியே எடுக்கப் போனார். அதைக் கொண்டுபோய் வெளியே வேறு யாரிடமாவது கொடுக்கப் பார்க்கிறார் என்று ராஜாங்கம் பையைப் பிடித்து இழுத்தார். காப்பிக் கோப்பையோடு ஜனம் கூடிவிட்டது. பை தலைகீழாகக் கொட்டியது. பஸ்ஸுக்கான சில்லறை, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, ஒரு போட்டோ. ஒரு கடையின் முன்னால் வெள்ளை கால்சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். கடைப் பலகையில் இருந்தது இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக, நமக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கீழே குனிந்து போட்டோவை எடுக்கவில்லை. காரின் சத்தம் கடற்கரைச் சாலையில் திரும்பிக் குறைகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நான்தான் எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டு, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அழவில்லை. நிதானமாகச் சொன்னார். அவரும் கணவரும் வியட்நாமில், சைகோன் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தார்கள். எழுபத்தைந்தில், சண்டையில் ஊர் விழப்போகிறது என்று தெரிந்ததும் கணவர் இவரையும் பெண்ணையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, கடையை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று தங்கினார். அத்தோடு சரி. இத்தனை வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

“எல்லாருக்கும் எழுதிப் பாத்துட்டேன், தங்கச்சி. காயிதத்துக்கு யாரும் பதில் சொல்றதில்ல. நேர்ல ஒரு மனுஷன்கிட்ட போட்டோவக் காட்டிக் கேட்டா, வாயி சொல்லலன்னாலும் மூஞ்சி சொல்லிடும் இல்ல. அந்த ஊருக்காரங்களுக்கு பிரெஞ்சு தெரியும். அதான் கேக்க வேண்டியத பிரெஞ்சுல நெட்டுரு பண்ணி வச்சிருந்தேன்.”

ராஜாங்கம் தூணோடு ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப கொடி எங்க?” என்றார், யாரிடமோ போல. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் பிழைப்பு அந்தச் சின்னத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொடி மறுநாள் காலையில் வந்தது. காத்தவராயன் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. தயங்கித் தயங்கி, இயக்குநர் வந்த பிறகு வந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். ஜப்பான், எகிப்து, யூகோஸ்லாவியா, வியட்நாம். நாலும் அதில் இருந்தன. வியட்நாம் தவிர மற்ற மூன்றையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தார்.

விஷயம் இதுதான். போட்டோ எடுத்தபின் விருந்தாளி கொடியை மேசைமேல் போட்டுவிடுவார். கழற்றிய மாலை அதன்மேல் விழும். ராஜாங்கம் கூஜாவையும் தம்ளரையும் மரக்கட்டையையும் மட்டும் எடுத்துவிட்டு, மேசை விரிப்பின் நாலு மூலையையும் தூக்கி, வாடிய பூ, காகிதம் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு மூலையில் வைப்பார். சலவைக்குப் போகும். மில்லில் கழிவுப் பஞ்சை அப்படித்தான் கட்டுவார்கள். வாட்ச்மேன் கையால் முடிச்சுப் போட்ட மூட்டையை அப்புறம் யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது. அது சோதனை முடிந்த மூட்டை. வியட்நாம் கொடி தேடிய அன்றைக்கும், அஞ்சலாட்சி போனபின், அதே கையால் அதே முடிச்சைப் போட்டு, காத்தவராயனிடம் கொடுத்து, வழக்கம்போல அவர் இடுப்பையும் தடவிப் பார்த்து அனுப்பியிருக்கிறார். ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் முடிச்சின்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

“மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா?” என்று இயக்குநர் கேட்டார்.

காத்தவராயன் ராஜாங்கத்தைப் பார்க்காமல் சொன்னார். “குடுத்தா, ஏன்டா எடுத்தேன்னு கேப்பாருங்க. தெனம் என்னத் திருடன் மாதிரிதான தடவுறாரு. யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்னு தொவச்சி வச்சிருந்தேன். நேத்து ஒரு பொம்பளைய நிக்கவச்சாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. அதான் வந்துட்டேன்.”

இயக்குநர் ராஜாங்கத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. திருட்டே நடக்கவில்லையே. போய்விடும் என்று ராஜாங்கம் பயந்த வேலை பத்திரமாக இருந்தது. அதில் அவருக்குச் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. பேராசிரியருக்கு அந்தப் போட்டோவைப் பிரதி எடுத்து எழுதலாமே என்று நான் இயக்குநரிடம் சொல்லி, அப்படியே எழுதிவிட்டு, அசலை அந்த அம்மாளுக்கே திருப்பி அனுப்பினோம். பதில் வரவில்லை. கொடி கிடைத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் பஸ் ஏறி மூலக்குளத்துக்குப் போயிருக்கிறார். கன்னியம்மாள்தான் எனக்குச் சொன்னாள். வீட்டைக் கண்டுபிடித்து, எதிரே இருந்த டீக்கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைத் தட்டாமலே திரும்பி வந்துவிட்டாராம்.

அஞ்சலாட்சி இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் மெக்சிகோக்காரர் ஒருவர் பேசினார். அதற்கு வந்தார். பழைய வாயல் புடவை, அதே பை. எந்த நாட்டுக்காரர் என்று யாரையும் கேட்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, ராஜாங்கத்தின் முன்னால் நின்று, அவர் ஒன்றும் சொல்லாமலேயே பையைத் திறந்து காட்டினார்.

“வேணாம்மா. உள்ள போங்க” என்றார் ராஜாங்கம்.

“பாத்துக்குங்க” என்று சொல்லி, அவர் பார்க்கிறவரை அந்த அம்மாள் பையை விரித்துப் பிடித்தபடியே நின்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ராஜாங்கம் குனிந்து உள்ளே பார்த்தார். கண்ணாடிக் கூடும் கைக்குட்டையும் சில்லறையும் இருந்தன. போட்டோ இல்லை.