மூன்று விரலுக்கு ஒரு கன்ட்ரோலர்

என் வலது கையில் கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று மூன்றுதான் இருக்கின்றன. மற்ற இரண்டும் எனக்கு இருபத்திரண்டு வயதானபோது மக்காச்சோளம் அடிக்கும் மெஷினில் போய்விட்டன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நடிக்கிறார்கள். நடிக்கத் தேவையில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் வரவேற்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று விசேஷங்களுக்குப் பாட்டு போடப் போவேன். பாட்டு போடுவது என்றால் ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தட்டிவிடுவது இல்லை. ஓடுகிற பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, தாளம் தாளத்தின்மேல் உட்காரும்படி கோத்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வது.

விண்ணப்பம் நிரப்ப வசதியாக இருக்கட்டும் என்று வாங்கிய டேப்லெட்டில்தான் இதைப் பழகினேன். டிஜே வேலைக்கான ஆப் ஒன்று அதில் இருந்தது. கண்ணாடித் திரையில் இரண்டு வட்டங்கள், நடுவில் மேலும் கீழும் போகிற கோடுகள். ஒரு வருஷம் அதை வைத்தே சமாளித்தேன்.

பிறகு நகரத்து மண்டபம் ஒன்றில் அந்த நாள் வந்தது. மணமக்கள் மேடைக்கு நடந்து வருகிறார்கள். மேலே இருந்து பூ கொட்டுகிறார்கள். நான் ஒலியைக் கொஞ்சம் ஏற்றப் போனேன். விரல் இல்லாத இடத்தில் இருக்கும் சதை திரையில் பட்டுவிட்டது. பாட்டு நின்றது. மண்டபமே நின்றது. இரண்டு மூன்று நொடிதான். ஆனால் அந்த அமைதியில் யாரோ ஓர் ஆண் சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்தக் கைய வெச்சிக்கினு இதுக்கு வரணுமா?"

அன்று ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தவர் எங்கள் ஊரில் சவுண்டு சர்வீஸ் நடத்துகிற அண்ணன். எனக்கு விசேஷங்களைப் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, பாட்டெல்லாம் வூட்லயே கோத்து ஒரே ஃபைலா எடுத்துக்கினு வந்துடு. ஒரு தபா அமுக்குனா போதும், ரெண்டு மணி நேரம் அதுவா ஓடும்."

"அப்ப நான் எதுக்குண்ணே அங்க நிக்கணும்?"

"நிக்கவே தேவையில்ல. அதான் சொல்றேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். தப்பு என் கையில் இல்லை. கண்ணாடிக்கு என் விரல் எது, சதை எது என்று தெரியாது. எது பட்டாலும் ஒன்றுதான். தள்ளினால் தள்ளப்படுகிற, திருப்பினால் திரும்புகிற நிஜமான பட்டன்கள் எனக்கு வேண்டும். டேப்லெட்டோடு ஒயரில் இணைகிற கன்ட்ரோலர். அதில் ஹெட்போனுக்குத் தனி வழி இருக்கும். அடுத்த பாட்டைக் கூட்டத்துக்கு முன்பே நான் மட்டும் கேட்டுச் சரிபார்க்கலாம். வெறும் டேப்லெட்டில் அது முடியாமல், கூட்டம் கேட்கும்போதுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எது வாங்குவது என்று வாரக்கணக்கில் வீடியோ பார்த்தேன். பேசியவர்கள் எல்லோருக்கும் பத்து விரல் இருந்தது. இந்தக் குமிழுக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பதன் பயனை அப்போதுதான் முழுதாக அனுபவித்தேன். ஐந்து கன்ட்ரோலர்களின் மேல்பக்கப் படங்களை எடுத்து, நீள அகலம் பார்த்து, நிஜ அளவில் பெரிய தாளில் பிரிண்ட் போட்டேன். அட்டையில் ஒட்டி, சமையலறைத் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, ஓடாத பாட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா பாப்பா இது, தாயக்கட்டமா?"

"இல்லம்மா. இதுல ஒண்ணு வாங்கப் போறேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். சிறியதாக இருந்த ஒன்றைக் காட்டி, "இதுல உன் கை கொள்ளாது" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அம்மா அளவு பார்த்துச் சொன்னாள். கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் ஒரு குமிழைப் பிடித்தால் பக்கத்துக் குமிழின்மேல் என் விரல் முட்டி இடித்தது. அதோடு இன்னொன்றையும் தள்ளி வைத்தேன். மிச்சம் மூன்று.

சென்னையில் ஒரு கடையில் மூன்றும் இருப்பதாகச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டு டேப்லெட்டையும் ஒரு பவர் பேங்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் இருந்த விற்பனையாளருக்கு என் வயதுதான் இருக்கும்.

"யாருக்கு மேடம், தம்பிக்கா?"

"எனக்குதாங்க."

அவர் கண் என் கைக்குப் போய்த் திரும்பியது. குரல் உடனே இளகிவிட்டது. அந்த இளகல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

"ஆப்லயே ஆட்டோ மிக்ஸ் இருக்கு மேடம். அதுவே பாட்ட மாத்திக்கும். நீங்க எதையும் தொடவே வேணாம்."

"தொடத்தாங்க வந்திருக்கேன். அந்த மூணையும் எடுத்து வைங்க."

எடுத்து வைத்தார். முதலாவது ஒயர் இல்லாமல் இணைவது, பார்க்க அழகானது. பட்டனை அமுக்கினேன்; ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வந்தது. தாளத்தில் அந்த ஒரு கணம் போதும், ஆடுகிறவன் கால் இடறிவிடும். வேண்டாம் என்றேன். இரண்டாவது பெரியது, குமிழெல்லாம் தள்ளித் தள்ளி இருந்தது. ஆசையாக ஒயரைச் செருகினேன். டேப்லெட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது லேப்டாப்போடு மட்டும்தான் பேசுமாம்.

மூன்றாவதைச் செருகியதும், இதற்குக் கொடுக்கப் போதுமான மின்சாரம் இல்லை என்று டேப்லெட்டில் ஒரு செய்தி வந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் அவர். கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னார்.

அந்தக் கன்ட்ரோலரின் பின்பக்கம் மின்சாரத்துக்கென்று இன்னொரு துளை இருப்பதை நான் எத்தனையோ தடவை படத்தில் பார்த்திருந்தேன். பவர் பேங்கை எடுத்து அதில் செருகினேன். எல்லா விளக்குகளும் எரிந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டைக் கோத்தேன். முதல் தடவை மோசம். இரண்டு தாளமும் முரண்டு பிடிக்கிற மாடுகளைப்போல ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கடையில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. வட்டச் சக்கரம் பெரியதாக இருந்ததால் உள்ளங்கையாலேயே தள்ள முடிந்தது. சுண்டுவிரல் பிளே பட்டனில் சரியாக விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு பாட்டும் ஒன்றாயின.

அதைத்தான் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தேன்.

மூன்று மாதம் பழகிய பிறகு வெள்ளிமலையில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. மதிய நேரம், திறந்த இடத்தில் பந்தல். கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் மலை ஏறினோம். அண்ணன் முன்னால், நானும் ஸ்பீக்கர்களும் பின்னால். மேலே டவர் கிடைக்கிற இடத்தில் கிடைக்கும், கிடைக்காத இடத்தில் கிடைக்காது என்பதால் பாட்டுகளையெல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே ஏற்றி வைத்திருந்தேன்.

மேடைக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். பட்டு வேட்டி, கையில் பெரிய வாட்ச். என்னிடம் பேசாமல் அண்ணனிடம் பேசினார்.

"மேசைய அந்த ஸ்பீக்கர் பொட்டிங்களுக்குப் பின்னால போட்டுடுங்க. வீடியோ எடுக்கறாங்க. நல்ல காரியம் பாருங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வுடு தங்கச்சி. ஓரமா போட்டுக்கலாம். பாட்டு கேட்டா போதாதா?"

தாய்மாமன் சொன்னது எனக்குப் புதிதில்லை. அண்ணன் சொன்னதுதான் வலித்தது. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று பேசினேன்.

"ஆடறவங்க காலப் பாக்காம பாட்டு மாத்த முடியாதுங்க. பின்னால நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் முன்னாலதான் நிப்பேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஜீப்ல ஏறிடறேன்."

"வாய் ஜாஸ்தியா இருக்கே" என்றார் அவர்.

"ஆமாங்க." அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, மேசையோட அந்த முனையப் புடிங்க."

அண்ணன் ஒரு நொடி தயங்கினார். பிறகு பிடித்தார். பக்கவாட்டில் இருந்த மேசையைத் தூக்கி, கூட்டத்துக்கு நேர் எதிரில் போட்டோம். தாய்மாமன் முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த மலையில் வேறு ஆளைத் தேட அவருக்கு நேரம் இல்லை.

சாப்பாடு முடிந்து ஆட்டம் சூடு பிடித்தது. பெண்கள் ஒரு பக்கம் வட்டமாக நின்று கைதட்டி ஆடினார்கள். மணப்பெண்ணும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வட்டத்துக்குள் போய்விட்டாள். அப்போது, ஸ்பீக்கருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர் நின்றது.

ஸ்பீக்கர் செத்துவிட்டது. அண்ணன் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் மேசையில் மட்டும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பவர் பேங்க் இருந்தது. பெண்கள் நிற்கவில்லை. பாட்டு இல்லாமல் கைத்தட்டலை மட்டும் வைத்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர்கள் தட்டுகிற வேகம் முன்பு ஓடிய பாட்டின் வேகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினேன். ஒரு காதில் அடுத்த பாட்டு, இன்னொரு காதில் அவர்கள் கைத்தட்டல். வேகத்தைக் கூட்டுகிற பட்டனை மோதிர விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். பாட்டு முந்தியது. கம்மி பண்ணினேன். பிந்தியது. சக்கரத்தை உள்ளங்கையால் லேசாக உந்தினேன். பொருந்தியது. அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டு சில பேர் நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெனரேட்டர் உறுமியது. அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். அவர்களுடைய தட்டல் விழுகிற அதே இடத்தில் பாட்டைத் திறந்துவிட்டேன்.

அவர்கள் போட்ட கூச்சலை எழுத எனக்குத் தெரியவில்லை. மணப்பெண் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். நானும் இரண்டு கையையும் தூக்கினேன். வீடியோக்காரர் அதை நன்றாக எடுத்தார்.

தாய்மாமன் கடைசியில் வந்து பழைய பாட்டு ஒன்று இருக்குமா என்று கேட்டார். இருக்குங்க என்று போட்டேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மலை இறங்கும்போது அண்ணன்தான் பேச்செடுத்தார்.

"ஓரமா போட்டுக்கலாம்னு நான் சொன்னது தப்பு, தங்கச்சி."

பரவாயில்லை அண்ணே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஆமாண்ணே. தப்பு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அவரே முதலில் என் மேசையை முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன் போனாகச் சுற்றிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் திருநாவலூர் பக்கத்தில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், கையில் கிளவுஸ் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டார். மாட்டேங்க என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு விசேஷம் இல்லை; வீட்டில்தான் இருந்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மறுபடி கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லுவேன்.

நேற்று சங்கராபுரத்தில் இருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வீடியோ பார்த்தாராம்.

"எவ்ளோ நேரம் பாட்டு போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கால் வலிக்கிற வரைக்குங்க."

"உங்க காலா, எங்க காலா?"

"உங்க காலுங்க."

அந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டு, தேதியை எழுதிக்கொள்ளச் சொன்னார்.