கொட்டகைக்கு எதிர் மனை

அந்த நான்கு மனைகளையும் தேர்ந்தெடுத்தவன் நான்தான். அப்பா மேல் பழி போடுகிற சொந்தக்காரர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எடப்பாடிப் பக்கம் எங்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் புன்செய்க் காட்டை, தங்கச்சி கல்யாணத்துக்கென்று அவர் தொடாமல் வைத்திருந்தார். அதை விற்க வைத்தவன் நான்.

அப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். மேட்டூர்க் கரண்டு வந்த புதிது. அஸ்தம்பட்டிப் பக்கம் மனை வாங்கினவனெல்லாம் கொழுத்துவிட்டான் என்று கடையில் தினமும் பேச்சு. எனக்கும் ஆசை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைச் சைக்கிளில் ஊரோரமெல்லாம் சுற்றினேன். எங்கே சரளை கொட்டியிருக்கிறது, எங்கே கிணறு வெட்டுகிறார்கள், விளக்குக் கம்பம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒருநாள் மாட்டியது. ஒரு வீடுகூட இல்லாத பொட்டலில் புது ரோடு, கைப்பிடிச் சுவரோடு கிணறு, வரிசையாகக் கம்பங்கள். அடித்ததடா யோகம் என்று குதித்தேன்.

கம்பம் நட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே போய் விலை ஏறிவிடுமே என்று பயம். அவருக்கு ஒரு பீடி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்!

"காடு போனாத் திரும்ப வருமா, சாமி?" என்றார் அப்பா.

"ஒரு மனைய வித்தாலே கல்யாணம் முடிஞ்சிருமுங்கப்பா. மிச்சம் மூணும் நமக்குத்தானுங்க."

காட்டை விற்று, அந்தப் பொட்டலில் நான்கு மனைகளுக்குக் கிரயம் முடிந்தது. ஆள் குடியிருந்தால் பக்கத்து மனைக்கு மதிப்பு கூடும் என்று ஒன்றில் ஓட்டு வீடு கட்டிக் குடிபோனோம். அதுவும் என் யோசனைதான். மறு வருஷமே ரோட்டுக்கு எதிர்ப்புறம் நீளநீளமாகக் கொட்டகைகள் எழும்பின. வாந்திபேதியும் பிளேக்கும் வந்தவர்களை ஊரிலிருந்து பிரித்து வைக்கிற கொட்டகைகள். அந்த ரோடும் கிணறும் விளக்கும் அதற்காகப் போட்டவை. ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய இடத்தை நான் தேடிப் போய் வாங்கியிருந்தேன்.

மனை கேட்டு ஒரு நாய்கூட வரவில்லை. மேச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். எதிரே பாயில் சுருட்டிய ஓர் உடலை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

"பொழுதாயிருச்சுங்க, இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். பொழுது உச்சிக்குக்கூட வரவில்லை. தங்கச்சி தலை நிறையப் பூவோடு உள்ளே நின்றிருந்தாள்.

அப்புறம் வந்தவர்களும் இடத்தைக் கேட்டதுமே நழுவினார்கள். அவளுக்கு முப்பது தாண்டியது. கொட்டகையில் பெண் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றார்கள். எங்கள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"இதுல என்னங்கண்ணா இருக்குது? ஊட்டுல சும்மாதான இருக்கறேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து கொட்டகைக்குள் போனாள். என் தங்கச்சிக்கு நான் பார்த்துக் கொடுத்த புகுந்த வீடு அதுதான்.