இரண்டு பைக்கும் அக்காவின் இடது காலும்

என் அக்கா முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். பழைய மொபெட்டில், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ஓட்டம். ஓய்வு பெற்றதும், "இனிமே மெதுவா, ஜம்முனு ஒரு பைக்ல போகணும்" என்றாள். அறுபது வயதில் இது என்ன ஆசை என்று கேட்டவர்களெல்லாம் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவள் மகன் மட்டும் அசரவில்லை. "ஒரே ஒரு தடவை சரிஞ்சாலும் சரி, அதோட பைக் பேச்சே கூடாது" என்று கறாராகச் சொல்லித்தான் கடைக்கு அழைத்து வந்தான். நானும் தொற்றிக்கொண்டேன்.

வட்ட விளக்கும் பளபளக்கும் டேங்க்குமாக, பழைய காலத்து ஜாடையில் இரண்டு வண்டிகள். இரண்டுமே பறக்கிற ரகம் இல்லை. பச்சை நல்ல கனம், ஆனால் சீட் தாழ்வு. சிவப்பு எடை குறைவு, சீட் உயரம். விற்பனையாளர் அக்காவைப் பார்க்காமலே மகனிடம், "லேடீஸுக்கு வெயிட் கம்மியானதுதான் சார் சரி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டப்போகிறவள் குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறாளே!

சிவப்பில் ஏறிக் கடை வாசலைச் சுற்றி வந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். நிறுத்தும்போதுதான் வந்தது வினை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடது காலை ஊன்றி, சாய்ந்து, பெட்டிக்குள் கடிதம் போட்ட பழக்கம். கீழே பார்க்காமல் காலை நீட்டினாள். தரை எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்தாள்.

"போதும்மா, கிளம்பு" என்றான் மகன். முகம் வெளிறிப்போயிருந்தது. விற்பனையாளர் ஓடி வந்தார்.

"யாரும் தொடாதீங்க!" முழங்கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். சீட்டில் முதுகைக் கொடுத்துக் குந்தி, கைப்பிடியையும் பின்கம்பியையும் பற்றி, காலால் உந்தி வண்டியை நிமிர்த்தினாள். ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நேரே பச்சையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன.

"கனமா இருந்தா என்ன, கால் எட்டுது. இதுதான்."

"சரிஞ்சா பைக் பேச்சே கூடாதுன்னு சொன்னேனேம்மா?"

"நீ சொன்னே. நான் எப்போடா தலையாட்டினேன்?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பச்சையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்கும்மா."

அக்கா அவன் கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கும்தான்டா. முப்பது வருஷமும் பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன். வழியை விடு."